அடர்ந்த குவார்க் பொருளைக் கணினியால் ஏன் இன்னும் கணக்கிட முடியவில்லை?

கேள்வி இது: "லாட்டிஸ் முறையில் புரோட்டானின் நிறையையே கணக்கிட்டு எடுத்துவிட்டார்கள். நியூட்ரான் விண்மீனின் மையத்திலும், தங்க அணுக்கருக்களை மோதவிடும்போதும் அதே சமன்பாடுகள்தானே வேலை செய்கின்றன? அங்கே மட்டும் ஏன் முடியவில்லை? இன்னும் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் வந்தால் தீர்ந்துவிடுமா?" கேட்டவர் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர். இந்தத் துறைக்குள் வர எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

பெரிய கணினி வந்தால் தீராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே தடையாக நிற்பது வேகக் குறைவு அல்ல. நாம் கணக்கை எழுதும் விதமே தடையாக நிற்கிறது. இயற்கைக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. நியூட்ரான் விண்மீன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கிறது. நாம் தேர்ந்தெடுத்த மாறிகளில் எழுதும்போதுதான் விடை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் பிரம்மாண்டமான எண்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறது. இதைக் குறிச் சிக்கல் என்கிறோம்; ஆய்வுக்கூடப் பேச்சில் 'சைன் பிராப்ளம்'.

முதலில், லாட்டிஸ் முறை எங்கே வெற்றி பெறுகிறது, ஏன் பெறுகிறது என்று பார்க்க வேண்டும். 1974-இல் கென்னத் வில்சன், வெளியையும் காலத்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, குவார்க்குகளைப் புரோட்டானுக்குள் பிணைத்துவைக்கும் குளுவான் புலத்தை அந்தக் கட்டங்களின் இணைப்புகளில் வைத்தார். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மைக்கேல் க்ரூட்ஸ் அதைக் கணினியில் மான்டே கார்லோ முறையில், அதாவது சீரற்ற மாதிரிகள் எடுத்து, ஓட்டிக் காட்டினார். இதன் உயிர்நாடி ஒரே தந்திரம்தான்: காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிவிடுவது. அப்படி மாற்றினால் ஒவ்வொரு புல அமைப்புக்கும் ஒரு நேர்ம எடை கிடைக்கும். நேர்ம எடை என்றால் அதை நிகழ்தகவாகவே வைத்துக்கொள்ளலாம். கணினி அந்த நிகழ்தகவின்படி அமைப்புகளைப் பொறுக்கி எடுத்துச் சராசரி போட்டால் போதும்.

பொறுக்கி எடுப்பதன் பலத்தை ஒரு எண்ணால் சொல்கிறேன். வெளியில் ஒவ்வொரு திசையிலும் 32 புள்ளி, காலத்தில் 8 புள்ளி கொண்ட நடுத்தர லாட்டிஸில் மொத்தம் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு இணைப்பு, ஒவ்வொரு இணைப்புக்கும் எட்டு எண்கள். ஆக, ஏறக்குறைய 84 லட்சம் மாறிகள் மேல் ஒரு தொகையிடல். நேரடியாகச் செய்ய நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் நேர்ம எடை இருந்தால் சில ஆயிரம் மாதிரி அமைப்புகளே நல்ல விடை தந்துவிடுகின்றன. 2008-இல் புடாபெஸ்ட்-மார்செய்-வுப்பர்டால் குழு புரோட்டான் உள்ளிட்ட இலேசான துகள்களின் நிறைகளைச் சில சதவீதப் பிழைக்குள் எடுத்தது இப்படித்தான். அடர்த்தி பூஜ்யமாக இருக்கும்போது புரோட்டான்கள் உருகிக் குவார்க்-குளுவான் குழம்பாவது, தண்ணீர் கொதித்து ஆவியாவது போன்ற திடீர் மாற்றம் அல்ல, படிப்படியான இளகல் என்று 2006-இல் ஃபோடர், காட்ஸ் குழுவினர் காட்டியதும் இப்படித்தான். அந்த இளகல் நடக்கும் வெப்பநிலை இன்று நன்றாகத் தெரியும்: 156 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு, அதாவது ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி கெல்வின்.

இப்போது அடர்த்தியை உள்ளே கொண்டுவருவோம். குவார்க்குகள் எதிர்க்குவார்க்குகளைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் கெமிக்கல் பொட்டென்ஷியல் என்ற ஒரு குமிழ் இருக்கிறது, சுருக்கமாக ம்யூ. லாட்டிஸில் இதை எப்படித் திருகுவது என்று 1983-இல் ஹாசன்ஃபிராட்ஸும் கார்ஷும் காட்டினார்கள். குவார்க் காலத்தில் முன்னோக்கித் தாவும் ஒவ்வொரு தாவலையும் கொஞ்சம் பெரிதாக்கு, பின்னோக்கித் தாவும் ஒவ்வொன்றையும் அதே விகிதத்தில் சிறிதாக்கு, அவ்வளவுதான். ஒரு குவார்க் புறப்பட்டு லாட்டிஸின் காலத் திசையை முழுதாக ஒருமுறை சுற்றி வந்தால் அதன் பங்கு பெருகியிருக்கும். எதிர்த் திசையில் சுற்றினால் குறைந்திருக்கும்.

சிக்கல் பிறக்கும் இடமும் இதே சுற்றுதான். குவார்க்குக்கு மூன்று நிறம் (மின்னேற்றம் போன்ற ஒரு பண்பு, கண்ணில் படும் நிறம் அல்ல) இருப்பதால், ஒரு குறிப்பிட்ட குளுவான் அமைப்பில் முன்னோக்கிய சுற்றின் மதிப்பு பொதுவாக ஒரு கலப்பெண். பின்னோக்கிய சுற்றின் மதிப்பு அதன் இணை எண். ம்யூ பூஜ்யமாக இருந்தால் இரண்டும் சம எடையில் கூடும். கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெய்யெண் மிஞ்சும். ம்யூவைத் திருகியதும் ஒன்று பெரிதாகி மற்றது சிறிதாகிறது. இனி அடிபடாது. குவார்க்குகளின் பங்கை மொத்தமாகச் சொல்லும் அணிக்கோவை கலப்பெண்ணாகிவிடுகிறது. எடையே கலப்பெண் ஆனபிறகு 'இந்த அமைப்பை இந்த நிகழ்தகவோடு எடு' என்று கணினியிடம் எதைச் சொல்வது? இரண்டே நிறம் கொண்ட ஒரு கற்பனை உலகில் அந்தச் சுற்றின் மதிப்பு எப்போதும் மெய்யெண்தான், அதனால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. ம்யூவைக் கற்பனை எண்ணாக வைத்தாலும் இரண்டு சுற்றுகளும் மறுபடி ஒன்றுக்கொன்று இணை எண்களாகிவிடும்; அங்கேயும் இல்லை. இந்த இரண்டாவது விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் கொடுமையை உணர ஒரே ஒரு மாறி போதும். சராசரி 0, திட்டவிலக்கம் 1 உள்ள மணி வடிவ வளைவை எடுத்து, லாம்டா என்ற அதிர்வெண் கொண்ட கலப்பெண் அலையால் பெருக்குங்கள். இதுதான் நம் 'கலப்பெண் எடை'. அலையை ஒதுக்கிவைத்து, மணி வளைவின்படி மாதிரிகள் எடுத்து, பிறகு அலையின் மதிப்பைச் சராசரி போடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். லாம்டா 2 என்றால் சராசரி 0.135, ஐம்பத்தைந்து மாதிரிகளில் விடையும் பிழையும் ஒரே அளவுக்கு வந்துவிடும். லாம்டா 4 என்றால் சராசரி 0.00034, அதே நிலைக்கு வர 89 லட்சம் மாதிரிகள். லாம்டா 6 என்றால் சராசரி பத்துக் கோடியில் ஒன்றரைப் பங்கு. வேண்டிய மாதிரிகள் 43 கோடி கோடி. விடை பத்து சதவீதத் துல்லியத்தில் வேண்டும் என்றால் இவை ஒவ்வொன்றையும் நூறால் பெருக்குங்கள். படிக்கிற காலத்தில் நானே இதை எழுதி லாம்டா 6-க்கு இரவு முழுவதும் ஓட்டினேன். காலையில் கிடைத்த எண்ணின் குறிகூடச் சரியில்லை. முடிவில்லாத மணல் குவியல் இரண்டை எடைபோட்டு, வித்தியாசத்தில் ஒரு கடுகைத் தேடுவது போன்ற வேலை அது.

இது ஒரு மாறிக்கு. உண்மையான புலக் கோட்பாட்டில் சராசரி, கன அளவோடு அடுக்கடுக்காகச் சரியும். ஒரு பெட்டியில் அந்தச் சராசரி 0.1 என்று இருந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டிப்பாக்கும்போது கன அளவு எட்டு மடங்கு. சராசரி பத்துக் கோடியில் ஒன்று. நூறு மாதிரிகள் போதுமாக இருந்த இடத்தில் இப்போது ஒரு கோடி கோடியைவிட நூறு மடங்கு வேண்டும். கணினி ஆயிரம் மடங்கு வேகமானால் பெட்டியின் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவே. வன்பொருளால் தீராது என்று முதலில் சொன்னது இதனால்தான். 2005-இல் ட்ரோயரும் வீஸேயும் இதைக் கணிப்பியல் மொழியில் நிறுவினார்கள்: எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான ஒரு வேகமான குறிச் சிக்கல் தீர்வு கிடைத்தால், என்பி எனப்படும் வகைக் கணக்குகளையெல்லாம் (விடையைச் சரிபார்ப்பது எளிது, ஆனால் கண்டுபிடிக்கப் பொதுவான வேகமான வழி தெரியாதவை) வேகமாகத் தீர்த்துவிடலாம். பொதுச் சாவி கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாகச் சாவி இருக்கலாம்; அந்த நிறுவல் அதைத் தடுக்கவில்லை.

அதே ஒற்றை மாறிக் கணக்கை இப்போது வேறு விதமாகப் பாருங்கள். தொகையிடும் பாதையை மெய்யச்சிலிருந்து லாம்டா அளவு மேலே, கலப்பெண் தளத்துக்குள் தூக்கி வையுங்கள். பத்தாம் வகுப்பில் செய்த வர்க்கப் பூர்த்திதான் இது. அந்தப் புதிய கோட்டில் அலை காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது சுத்தமான மணி வளைவு, முன்னால் ஒரு மாறிலி. 43 கோடி கோடி மாதிரிகள் கேட்ட கணக்கு, இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. விடை மாறவில்லை, இயற்பியல் மாறவில்லை. நாம் நின்று பார்த்த கோடு மட்டும்தான் மாறியது. குறிச் சிக்கல் இயற்கையில் இல்லை, நம் எழுத்தில் இருக்கிறது என்று சொன்னதற்கு இதைவிடச் சிறிய சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எடையில் எக்ஸ்-வர்க்கத்தின் சராசரி, 1-இலிருந்து லாம்டா-வர்க்கத்தைக் கழித்தது. லாம்டா 2 என்றால் மைனஸ் 3. ஒரு வர்க்கத்தின் சராசரி எதிர்ம எண்! மெய்யச்சில் எந்த உண்மையான நிகழ்தகவாலும் இதைத் தர முடியாது. மாதிரிகள் கலப்பெண் தளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

குவார்க் உலகில் இந்த அடிபடல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு இடம் சொல்கிறேன்; இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வெப்பநிலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ம்யூவை மெல்ல ஏற்றுங்கள். ஒரு புரோட்டானையோ நியூட்ரானையோ உண்டாக்கும் அளவு ஆற்றல் சேரும்வரை வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்க வேண்டும். எதுவுமே நடக்கக் கூடாது. குவார்க் ஒன்றுக்கான ம்யூ ஏறக்குறைய 308 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆகும்போதுதான் அணுக்கருப் பொருள் தோன்றும். ஆனால் கலப்பெண்ணான அணிக்கோவையின் கோணத்தை (ஃபேஸ்) ஒதுக்கிவிட்டு அதன் அளவை மட்டும் எடையாக வைத்து மாதிரி எடுத்தால், ம்யூ 70-ஐத் தாண்டியதுமே துகள்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. அது பையானின், அதாவது ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த இலேசான துகளின், நிறையில் பாதி. ஏன் என்றால், கோணம் இல்லாத அந்த உலகில் இரண்டு வகைக் குவார்க்குகளுக்கும் எதிரெதிர் ம்யூ கொடுத்தது போல் ஆகிவிடுகிறது. அங்கே முதலில் உண்டாவது பையான்கள்.

ஆக 70-க்கும் 308-க்கும் நடுவே, கணினி எடுக்கும் ஒவ்வொரு மாதிரியும் தவறான உலகத்தின் மாதிரி. ஒவ்வொரு அமைப்பின் எடையும் ம்யூவோடு மாறுகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் கோணத்தோடு சேர்த்துக் கூட்டினால் ம்யூவின் சுவடே இல்லாமல் பழைய வெற்றிடம் திரும்பி வர வேண்டும். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு அத்தனை நுட்பமான அடிபடல் தேவைப்படுகிறது. மேரிலாண்டின் டாம் கோஹென் 2003-இல் இதற்கு 'சில்வர் பிளேஸ்' என்று பெயர் வைத்தார். இரவில் நாய் குரைக்காததே துப்பாக அமையும் ஒரு பழைய துப்பறியும் கதையில் வரும் குதிரையின் பெயர் அது. கோணத்தைச் சின்னத் திருத்தமாக நினைத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டுங்கள். இங்கே இயற்பியல் முழுவதும் கோணத்தில்தான் இருக்கிறது.

இதைச் சுற்றிக்கொண்டு போக முயன்றவர்களின் கதை சுவையானது. ஃபோடரும் காட்ஸும் 2000-களின் தொடக்கத்தில், ம்யூ பூஜ்யத்தில் எடுத்த மாதிரிகளுக்குப் பின்னால் எடையைத் திருத்திக் கொடுக்கும் வழியில் போனார்கள். குவார்க் குழம்பின் வரைபடத்தில் படிப்படியான இளகல் முடிந்து திடீர் மாற்றம் தொடங்கும் புள்ளி ஒன்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு, அதைத் தேடினார்கள். 2002-இல் அந்தப் புள்ளி பேரியான் கணக்கில் (புரோட்டான் போல மூன்று குவார்க் சேர்ந்தது பேரியான்; அதனால் குவார்க் ம்யூவைப் போல மூன்று மடங்கு) ம்யூ 725 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே வந்தது. குவார்க் நிறைகளை உண்மை மதிப்புக்குக் கொண்டுவந்து, பெட்டியையும் பெரிதாக்கி 2004-இல் மறுபடி செய்தபோது 360-க்கு இறங்கியது. பாதி! இரண்டும் காலத் திசையில் நான்கே புள்ளிகள் கொண்ட கரடுமுரடான லாட்டிஸ்கள். அவர்களுடைய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த முறையின் நோய் ஆழமானது: ம்யூ பூஜ்யத்தில் முக்கியமான அமைப்புகள் வேறு, அடர்ந்த பொருளில் முக்கியமான அமைப்புகள் வேறு. சென்னையில் எடுத்த கணக்கெடுப்புக்கு எடை திருத்தி லடாக்கின் மக்கள்தொகையைச் சொல்ல முடியாது. அங்கே வாழ்பவர் ஒருவர்கூட மாதிரியில் இல்லை.

அடுத்த வழி டெய்லர் விரிவு. ம்யூ பூஜ்யத்திலேயே நின்றுகொண்டு அழுத்தத்தின் வகைக்கெழுக்களை எடுத்து, அவற்றைக் கொண்டு தூரத்தை எட்டிப் பார்ப்பது. பீலஃபெல்டு-ஸ்வான்சி குழுவோடு, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் இதில் முன்னோடிகள். இந்த வகைக்கெழுக்கள் வெறும் கணக்கு உறுப்புகள் அல்ல. மோதலில் வெளிவரும் புரோட்டான் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதோடு நேரடித் தொடர்புடையவை. 2011-இல் குப்தா, பெடங்கதாஸ் மொஹந்தி உள்ளிட்டோர் லாட்டிஸ் எண்களையும் புரூக்ஹேவன் மோதல் தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெப்பநிலையின் அளவுகோலை எடுத்தபோது, காகிதக் கோட்பாடு ஒன்று ஆய்வகத்தின் கையைப் பிடித்தது போல் இருந்தது. கற்பனை ம்யூவில் குறிச் சிக்கல் இல்லை என்று மேலே சொன்னேனே, அங்கே கணக்கிட்டு மெய் ம்யூவுக்கு நீட்டிப்பது மூன்றாவது வழி. டி ஃபோர்க்ராண்டும் ஃபிலிப்சனும், டெலியாவும் லொம்பார்டோவும் 2002-ஐ ஒட்டித் தொடங்கியது. இந்த இரண்டு வழிகளும் இன்று நம்பகமானவை, ஆனால் எல்லைக்குட்பட்டவை. பேரியான் ம்யூவை வெப்பநிலையால் வகுத்தால் வரும் விகிதம் 3-ஐ ஒட்டியவரை பிடி இருக்கிறது. உயர்படி வகைக்கெழு ஒவ்வொன்றிலும் அதே அடிபடல் வேறு முகத்தோடு திரும்பி வந்து இரைச்சலாகிறது. நியூட்ரான் விண்மீனில் இந்த விகிதம் என்ன? உள்வெப்பம் பத்துக் கோடி கெல்வின் என்று வைத்துக்கொண்டால் லட்சத்தைத் தாண்டும். மூன்றிலிருந்து லட்சத்துக்குத் தொடர் விரிவால் போக முடியாது.

அதனால்தான் பலர் நேராகக் கலப்பெண் தளத்துக்குள்ளேயே இறங்குகிறார்கள். நம் ஒற்றை மாறிக் கணக்கில் கோட்டைத் தூக்கி வைத்தோம். பல லட்சம் மாறிகளில் அப்படித் தூக்க வேண்டிய பரப்புக்கு லெஃப்ஷெட்ஸ் திம்பிள் என்று பெயர். கோணம் மாறாமல் இருக்கும் வளைந்த பரப்பு அது. விட்டன் 2010-இல் இந்த வடிவியலைப் புலக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கிறிஸ்டோஃபொரெட்டி, டி ரென்சோ, ஸ்கார்சாட்டோ குழு 2012-இல் அதைக் கணினி முறையாக முன்மொழிந்தது. சிறு மாதிரிக் கோட்பாடுகளில் மிக அழகாக வேலை செய்கிறது. ஆனால் பரப்பை நகர்த்திக் கண்டுபிடிக்கும் செலவு மாறிகளின் எண்ணிக்கையோடு வேகமாக ஏறுகிறது. பல திம்பிள்கள் ஒரே நேரத்தில் பங்களித்தால் அவற்றுக்கிடையே மறுபடி கோணங்கள் அடித்துக்கொள்கின்றன.

இன்னொரு வழி கலப்பெண் லாஞ்செவான். 1983-இல் பாரிசியும் கிளாடரும் தனித்தனியே சொன்னது. நிகழ்தகவையே மறந்துவிடு, மாறியை ஒரு துகளாக நினை, விசை தள்ளட்டும், சீரற்ற உதைகள் விழட்டும், விசை கலப்பெண்ணாக இருந்தால் துகள் கலப்பெண் தளத்தில் உலவட்டும். நம் ஒற்றை மாறிக்கு இதை ஓட்டினால் பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்: துகளின் கற்பனைப் பகுதி தானாகவே லாம்டா உயரத்துக்கு ஏறி அங்கே நின்றுவிடும், மெய்ப் பகுதி மணி வளைவாக ஆடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியான கோட்டைக் கண்டுபிடிக்கிறது. எக்ஸ்-வர்க்கத்தின் சராசரி மைனஸ் 3 சுத்தமாக வந்து விழும்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குச் செய்யும் துரோகம். சில சமயம் இது அமைதியாக, சிறிய பிழைப்பட்டையோடு, முற்றிலும் தவறான விடைக்குப் போய்ச் சேரும். வெடித்துச் சிதறினால் தப்பு தெரியும். அமைதியாகத் தவறினால் எப்படித் தெரியும்? 2010-இல் ஆர்ட்ஸும் ஜேம்ஸும் ஒரு முப்பரிமாணச் சுழல் மாதிரியில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த மாதிரியை உலகக்கோடுகளாக, அதாவது துகள்கள் வெளியிலும் காலத்திலும் போகும் பாதைகளாக, மாற்றி எழுதினால் குறிச் சிக்கலே இல்லை. அதனால் சரியான விடை கையில் இருந்தது. லாஞ்செவான் ஒரு பகுதியில் பொருந்தியது, இன்னொரு பகுதியில் தவறியது. அந்த ஆண்டுகளில்தான் துறையே நிதானித்தது. ஆர்ட்ஸ், சைலர், ஸ்டமடெஸ்கு ஆகியோர் சரியான விடைக்கான நிபந்தனைகளை வரையறுத்தார்கள். நகாட்டா, நிஷிமுரா, ஷிமசாகி மூவரும் 2016-இல் கையில் பிடிக்கக்கூடிய ஒரு சோதனையைக் கொடுத்தார்கள்: விசையின் அளவுக்கு ஒரு பரவல் படம் போடு, வால் அடுக்குக்குறி வேகத்தில் சரிந்தால் நம்பு, மெல்ல நீண்டுகொண்டே போனால் நம்பாதே. இந்தச் சோதனை இல்லாத கலப்பெண் லாஞ்செவான் முடிவை நான் பார்த்தால் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.

இனி சமநிலை இல்லாத நிலை. அடர்த்தியில் எடை பாதி கெட்டிருந்தது என்றால், இங்கே முழுக்கவே கெட்டுவிட்டது. மோதலுக்குப் பின் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று கேட்டால் காலத்தைக் கற்பனை எண்ணாக்கும் தந்திரம் கைவிட்டுப் போகிறது. உண்மைக் காலத்தில் ஒவ்வொரு வரலாற்றின் எடையும் வெறும் கோணம். எல்லாவற்றின் அளவும் 1. எங்கே மாதிரி எடுப்பது என்பதற்குக்கூட ஒரு குறிப்பு இல்லை. ஷ்விங்கர் 1961-இலும் கெல்டிஷ் 1964-இலும் அமைத்துக்கொடுத்த பாதை, காலத்தில் முன்னே போய்த் திரும்பி வரும் ஒரு சுற்று. எவ்வளவு நேரம் பின்தொடர்கிறோமோ அவ்வளவுக்குச் சிக்கல் வளரும். பெர்கெஸ், ஸ்டமடெஸ்கு ஆகியோர் 2005 முதல் இதிலும் லாஞ்செவானை ஓட்டிப் பார்த்தார்கள். குறுகிய காலத்துக்கு நன்றாக வந்தது, நீண்ட காலத்துக்குத் தவறான விடைக்கு நழுவியது.

கற்பனைக் காலத்தில் கணக்கிட்டு உண்மைக் காலத்துக்கு மாற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். கொள்கையளவில் கூடும். ஆனால் அந்த மாற்றம், சில டஜன் புள்ளிகளில் பிழையோடு தெரிந்த மென்மையான வளைவிலிருந்து, கூர்மையான முகடுகள் கொண்ட நிறமாலையை மீட்பது. வெவ்வேறு நிறமாலைகள் ஒரே வளைவைத் தரும். குவார்க் குழம்பின் பாகுமை இன்னும் முழுத் துல்லியத்தோடு லாட்டிஸிலிருந்து வராததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. மோதலின் முதல் கணத்தில் குளுவான்கள் அத்தனை நெருக்கமாக அடைந்திருக்கும். ஒவ்வொரு நிலையிலும் ஏராளமானவை. அப்போது குவாண்டம் புலம் ஏறக்குறைய சாதாரண அலை போலவே நடந்துகொள்கிறது. தொடக்க நிலையில் மட்டும் குவாண்டம் நடுக்கத்தைச் சேர்த்து, பிறகு செவ்வியல் சமன்பாடுகளை ஓட்டி, பல ஓட்டங்களைச் சராசரி போடலாம். எடைகள் எல்லாம் நேர்மம். குறிச் சிக்கல் இல்லை. 2014-ஐ ஒட்டி பெர்கெஸ், போகுஸ்லாவ்ஸ்கி, ஷ்லிக்டிங், வேணுகோபாலன் குழு இப்படி ஓட்டியபோது, குழம்பு தன் தொடக்கத்தை மறந்து, காலத்தோடு தன்னைத்தானே ஒத்த வடிவில் விரியும் ஒரு நிலைக்குப் போவதைக் கண்டார்கள். வெப்பச் சமநிலையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தும் ஒழுங்கான நடத்தை. அதே வகையான தன்னொப்பு நடத்தையை 2018-இல் ஹைடல்பெர்கிலும் வியன்னாவிலும் ருபீடியம் அணுக்களின் குளிர்ந்த வாயுவில் நேரடியாக அளந்தார்கள். லட்சம் கோடி கெல்வின் குழம்புக்கும், ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்ந்த வாயுவுக்கும் ஒரே கணிதம். இந்த இரு கட்டுரைகளையும் அன்று அடுத்தடுத்துப் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. குளுவான்கள் பரவி நெருக்கம் குறைந்ததும் செவ்வியல் ஓட்டம் பொய் சொல்லத் தொடங்கும். விட்டுவிட்டால், 19-ஆம் நூற்றாண்டின் கதிர்வீச்சுக் கோட்பாட்டுக்கு நேர்ந்த கதிதான், ஆற்றல் முழுவதும் மிக நுண்ணிய அலைகளுக்கு ஓடி, விடை லாட்டிஸ் இடைவெளியைப் பொறுத்ததாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் இது கருவி.

குவாண்டம் கணினி பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அங்கே குறிச் சிக்கல் எழாது என்பது உண்மை. கோணங்களைச் சுமப்பதுதான் அந்த இயந்திரத்தின் பிழைப்பே. 2016-இல் இன்ஸ்ப்ரூக் குழு நான்கு அயனிகளில் ஒரு பரிமாண மின்புலக் கோட்பாட்டை உண்மைக் காலத்தில் ஓட்டியது. 2024-இல் ஃபாரெல், சாவேஜ் குழுவினர் ஐபிஎம் இயந்திரத்தின் 112 க்யூபிட்டுகளில் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) அதே கோட்பாட்டின் துகள் அலை நகர்வதைப் பார்த்தார்கள். ஒரு பரிமாணத்திலிருந்து மூன்று பரிமாணத்துக்கும், ஒற்றை மின்னேற்றத்திலிருந்து மூன்று நிறத்துக்கும் போக வேண்டிய தூரம் மிக நீண்டது. சாதாரணக் கணினியிலேயே, குவாண்டம் நிலையைச் சிறு சிறு எண் அட்டவணைகளின் பின்னலாக எழுதும் டென்சர் பின்னல் முறைகள் ஒரு பரிமாணத்தில் அடர்த்தியையும் நன்றாகக் கையாளுகின்றன. ஆனால் காலம் போகப் போகத் துகள்களுக்கிடையேயான குவாண்டம் பின்னிப்பிணைப்பு வளர்ந்து நினைவகத்தைத் தின்றுவிடும்.

நியூட்ரான் விண்மீனுக்கு அப்படியானால் லாட்டிஸ் ஒன்றுமே சொல்லாதா? சொல்கிறது, அதுவும் குறிச் சிக்கலைக் கொண்டே சொல்கிறது. கோணங்களோடு கூட்டினால் கிடைக்கும் தொகை, கோணங்களை நீக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகையைவிடப் பெரிதாக இருக்க முடியாது. தொகையின் மடக்கைதான் அழுத்தம். ஆகவே அடர்ந்த அணுக்கருப் பொருளின் அழுத்தம், அதே ம்யூவில் பையான் குவிந்த அந்தத் 'தவறான' உலகத்தின் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அந்தத் தவறான உலகை லாட்டிஸில் துல்லியமாகக் கணக்கிடலாம். 2023-இல் ஒரு குழு ஒரே பெட்டியில் 6,144 பையான்களை அடைத்துக் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 27 கோடி டன் என்று தொடங்கி அதன் பல மடங்கு வரை போகும் பொருளுக்கு, எந்த மாதிரியையும் நம்பாத ஒரு மேல்வரம்பு இப்படிக் கிடைக்கிறது. இத்தனை ஆண்டு நம்மைத் தடுத்த கோணமே ஒரு சமனிலியாக மாறி உதவுகிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். நான்கு பரிமாணத்தில் தொடங்காதீர்கள். ஒரே மாறி. விசையில் இரண்டு உறுப்பு: எக்ஸின் மும்மடி ஒன்று, ஒரு கலப்பெண்ணால் பெருக்கிய எக்ஸ் இன்னொன்று, இரண்டும் பூஜ்யத்தை நோக்கி இழுக்கும்படி. அந்தக் கலப்பெண்ணின் மெய்ப் பகுதி 1 ஆகவே இருக்கட்டும். கற்பனைப் பகுதியை முதலில் 1 என்று வைத்து லாஞ்செவானை ஓட்டுங்கள். சரியான விடையை நேரடித் தொகையிடலால் எடுத்து ஒப்பிடுங்கள், பொருந்தும். துகள் ஒரு பட்டைக்குள்ளேயே உலவுவதைப் புள்ளிப் படமாகப் பார்ப்பீர்கள். பிறகு கற்பனைப் பகுதியை 3 ஆக்குங்கள். பட்டை உடைந்து புள்ளிகள் சிதறத் தொடங்கும். எக்ஸ்-வர்க்கம், அதன் வர்க்கம், அதற்கடுத்த அடுக்கு என்று சராசரிகளை வரிசையாக ஒப்பிட்டு, எந்த அடுக்கில் விடை பிசகுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் விசையின் பரவலை மடக்கை அளவில் ஒரே தாளில் வரைந்து, வால்கள் எங்கே பிரிகின்றன என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வது என்று அந்தப் படத்தை வைத்துப் பேசலாம்.